வீட்டில் கறுப்பு வெள்ளை ரோல் கழுவ டார்க்ரூம்: சாரல் காலத்தில் எப்படித் தொடங்குவது?

புளியரைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். பென்டாக்ஸ் கே1000 கேமரா ஒன்று கைக்கு வந்திருக்கிறது, இல்ஃபோர்டு கம்பெனியின் எச்பி5 பிளஸ் ரோல் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன். கழுவுவதற்கு வெளியூருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கிறது. அது திரும்பி வருவதற்குள் எந்தப் படத்துக்கு என்ன ஷட்டர் வைத்தேன், அன்றைக்கு வெயிலா மேகமா என்பதெல்லாம் மறந்துபோகிறது. இப்படியே போனால் நான் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை, அதனால் வீட்டிலேயே கழுவிப் பிரிண்ட்டும் போட ஆசை.

மாடிப்படிக்கு அடியில் சின்ன சாமான் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது, பாத்ரூம் பக்கத்திலேயே. இதை டார்க்ரூம் ஆக்க முடியுமா? நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கிற என்லார்ஜர் முதலில் வாங்குவதா, மற்ற சாமான்களா? எங்கே பார்த்தாலும் 20 டிகிரி, 20 டிகிரி என்றே எழுதியிருக்கிறார்கள், எங்கள் ஊரில் தை மாத விடியற்காலை தவிர 20 டிகிரியில் தண்ணீர் ஏது?

பழைய ஸ்டுடியோ, தென்காசி

தம்பி, அறையை அப்படியே விடு, என்லார்ஜரையும் இப்போது தேடாதே. ஃபிலிம் கழுவுவது ஒரு வேலை, பிரிண்ட் போடுவது இன்னொரு வேலை. ரோல் கழுவ டார்க்ரூமே தேவையில்லை. ரீலில் ஃபிலிமைச் சுற்றி, வெளிச்சம் புகாத டாங்குக்குள் போட்டு மூடி போடுகிற வரைக்கும்தான் இருட்டு வேண்டும், அது கை பழகினால் ஐந்து நிமிட வேலை. மூடி போட்ட பிறகு எல்லாமே வெளிச்சத்தில்தான், அடுப்படியில் நின்றுகூடச் செய்யலாம். ஆனால் சமையல் பாத்திரம் எதையும் எடுக்காதே, அளக்கும் குவளை, கரண்டி, பாட்டில் எல்லாம் தனியாக இருக்கட்டும்.

அந்த ஐந்து நிமிட இருட்டு மட்டும் முழு இருட்டாக இருக்க வேண்டும். சிவப்பு விளக்கு போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். எச்பி5, டிரை-எக்ஸ் எல்லாம் சிவப்பையும் பார்க்கிற ஃபிலிம், விளக்கே கூடாது. சிவப்பு விளக்கு பிரிண்ட் பேப்பருக்கு மட்டும். உன் சாமான் அறையில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார். கண் பழகிய பிறகு கதவுக்கு அடியில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் ஒரு சாக்கை மடித்து வை, சாவித் துவாரத்தில் கறுப்பு டேப் ஒட்டு. கையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொள், அது எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியாமல் போனால் அறை தயார். ராத்திரியில் செய்தால் பாதி வேலை மிச்சம்.

நம் பக்கத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெளிச்சத்துக்கு மட்டும் பயப்படுகிறார்கள். ஃபிலிமைக் கெடுப்பது பெரும்பாலும் சூடும் ஈரமும் தூசியும்தான். அந்த மூன்றுக்கும் ஒரு வழி பண்ணிக்கொள், மற்றது தானாக வந்துவிடும்.

நெல்லியாம்பதி அடிவாரம்

கொல்லங்கோட்டிலிருந்து எழுதுகிறேன். அண்ணாச்சி சொல்வது அத்தனையும் சரி, வெப்பநிலை பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிற எங்களுக்கு மார்ச், ஏப்ரலில் தொட்டித் தண்ணீர் கை சுடும். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, ஐஸ்கட்டிகளைப் பாலிதீன் பையில் கட்டிப் போட்டு, படத்தை வெளிக்கொண்டுவருகிற டெவலப்பர், அதை நிலைநிறுத்துகிற ஹைப்போ பாட்டில்களை அதில் நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன். ஐஸை நேராக டெவலப்பரில் போட்டால் கரைசல் நீர்த்துவிடும், அதைச் செய்யாதீர்கள். ஒரு நல்ல தெர்மாமீட்டர் மட்டும் வாங்கிவிடுங்கள், காய்ச்சல் பார்க்கிறது இதற்கு உதவாது.

பழைய ஸ்டுடியோ, தென்காசி

அம்மா, உங்கள் முறை தப்பில்லை, ஆனால் புதுப் பையனுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அறை 32 டிகிரியில் இருக்கும்போது 20 டிகிரிக்கு இறக்கினால் டாங்கைக் கையில் பிடித்து ஆட்டும்போதே சூடு ஏறத் தொடங்கிவிடும். தொடங்கும்போது 20, முடியும்போது 23 என்றால் எந்த நேரத்தை நம்புவது? அதற்கப்புறம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் வந்து விழும். குளிர்ந்த ஃபிலிமில் திடீரென்று சூடான தண்ணீர் பட்டால் ஃபிலிம் மேல் பூசியிருக்கிற எமல்ஷன் சுருங்கிப் பின்னல் பின்னலாக வெடித்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியே கிடையாது.

24, 25 டிகிரியில் நில். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்துகிற ஸ்டாப் கரைசல், ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாமே அந்த ஒரே சூட்டில் இருக்கட்டும், நேரத்தைக் குறைத்துக்கொள். எச்பி5 பிளஸ், டி-76 டெவலப்பர் ஒன்றுக்குத் தண்ணீர் ஒன்று கலவை, 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரிக்கு ஏறக்குறைய 8 நிமிடம். இல்ஃபோர்டு இதற்கென்றே ஒரு அட்டவணை தருகிறது, அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடு. நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. போனால் டெவலப்பர் ஊற்றுகிற நேரமும் கொட்டுகிற நேரமுமே கணக்கில் ஏறி, வானம் திட்டுத்திட்டாக வரும்.

நகரி எல்லை

வெயில் காலத்துக்கு என் வழி, டெவலப்பரை இன்னும் நீர்க்கப் பண்ணுவது. டி-76 ஒன்றுக்கு மூன்று கலந்தால் எச்பி5க்கு 20 டிகிரியில் 22 நிமிடம். அதை 27 டிகிரிக்குக் குறைத்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கும். பெரிய டாங்காக எடுத்துக்கொண்டு கரைசலை நிறைய ஊற்றுங்கள், ஒரு ரோலுக்குப் போதுமான டெவலப்பர் உள்ளே இருக்க வேண்டும் இல்லையா.

எங்கள் தொல்லை தண்ணீர்தான். போர்த் தண்ணீர் அவ்வளவு உப்பு, காய்ந்த ஃபிலிமில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். டெவலப்பர் கரைக்க ஆர்.ஓ. தண்ணீர், கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரித் தண்ணீர் என்று வைத்திருக்கிறேன்.

நெல்லியாம்பதி அடிவாரம்

24 டிகிரி யோசனையை ஏற்றுக்கொள்கிறேன், எடுத்த எடுப்பில் அதுதான் பாதுகாப்பு. அதற்கு ஐஸும் வேண்டாம், மண்பானை போதும். எங்கள் ஊரில் கணவாய்க் காற்று வறண்டு அடிக்கிற மாதங்களில் பானைத் தண்ணீர் வெளிக்காற்றைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். பாட்டில்களை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தாலும் இறங்கும். ஆனால் தம்பி, உங்கள் ஊரில் சாரல் அடிக்கும்போது இது பலிக்காது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் பானை மேல் தண்ணீர் ஆவியாகாது, குளிராது. அந்த மாதங்களில் உங்கள் குழாய்த் தண்ணீரே குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் பானையே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

புளியரைக்காரன்

அக்கா, உண்மைதான். இப்போது சாரல் விடாமல் விழுகிறது, தொட்டித் தண்ணீரை அளந்தேன், சரியாக 24 காட்டுகிறது. பேட்டர்சன் டாங்கு ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். பழைய ரோல் ஒன்றை வைத்துப் பகலில் சுற்றிப் பார்த்தேன், சுலபமாகப் போனது. கண்ணை மூடிக்கொண்டும் போனது. ராத்திரி சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் பாதியில் சிக்கிக்கொள்கிறது, முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கை தப்பா, ரீல் தப்பா?

பழைய ஸ்டுடியோ, தென்காசி

இரண்டும் இல்லை, ஈரம். மூடிய அறைக்குள் கால் மணி நேரம் நீ மூச்சு விட்டு வியர்த்தாலே போதும், ஃபிலிம் ஈரத்தை இழுத்து லேசாக மெத்தென்று ஆகிவிடும், பிளாஸ்டிக் ரீலின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். நுழைவாயில் பக்கத்தில் இரண்டு சின்னக் குண்டுமணி இருக்கிறது பார், அதில் ஈரம் இருந்தால் நகரவே நகராது. ரீலை வெயிலில் காயப்போடு, வெயில் இல்லையென்றால் தலைமுடி காயவைக்கிற டிரையரை இரண்டு நிமிடம் காட்டு. ஃபிலிமின் முனையில் இரண்டு மூலைகளையும் கத்தரியால் துளி வளைத்து வெட்டிவிடு, துளையின் குறுக்கே வெட்டு விழாமல் பார்த்துக்கொள். முன்முனையை அறைக்கு வெளியிலேயே ரீல் வாயில் நுழைத்துவிட்டு உள்ளே போனால் இருட்டில் தேடுகிற வேலை கிடையாது.

அப்படியும் சிக்கினால் தள்ளாதே. தள்ளினால் மடிந்து, மடிந்த இடத்தில் பிறை நிலா மாதிரி கறுப்புத் தழும்பு விழும். எல்லாவற்றையும் டாங்குக்குள் போட்டு மூடி போட்டுவிட்டு வெளியே வா, முகம் கழுவு, கை நன்றாகக் காயட்டும், அப்புறம் போய்த் தொடங்கு. சாரல் காலம் முழுக்கவும் கழுவப் போகிறாய் என்றால் ஸ்டீல் ரீல் பழகிக்கொள்வது நல்லது, பழக நாளாகும், ஈரத்தில் சிக்காது.

குளிர்பெட்டியில் ஃபிலிம் வைத்திருந்தால் எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காதே. ஒரு மணி நேரம் வெளியே கிடக்கட்டும், இல்லையென்றால் உள்ளே பனித்துளி படியும்.

கம்பம் மெட்டு

உள்ளே வரலாமா. குமுளிப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை. காப்பித்தூளிலேயே ஃபிலிம் கழுவலாம் என்கிறார்களே, நிஜமா? இங்கே காப்பிக்குப் பஞ்சமில்லை.

நெல்லியாம்பதி அடிவாரம்

நிஜம்தான், நானே செய்கிறேன். ஒரு லிட்டருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி பொடி 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பி 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காப்பியாக இருக்க வேண்டும், தோட்டத்து வறுத்த பொடி டிகாக்‌ஷனை வைத்துக் கணக்கு நிற்காது. சமையல் சோடாவும் உதவாது, வாஷிங் சோடாதான். நாற்றம் வீடு முழுக்க நிற்கும். எனக்குப் பிடித்த முறை, ஆனால் முதல் ரோலை இதில் கழுவச் சொல்ல மாட்டேன். படம் சரியாக வரவில்லையென்றால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க, தெரிந்த ஒரு டெவலப்பர் கையில் இருக்க வேண்டும். ஹைப்போவுக்கு மாற்று எதுவும் அடுப்படியில் கிடையாது, அதை வாங்கித்தான் ஆக வேண்டும்.

நகரி எல்லை

ஹைப்போ நாங்கள் மீன்தொட்டிக் கடையில் வாங்குவோம், குளோரின் போக்க அதே சோடியம் தயோசல்ஃபேட் படிகத்தைத்தான் விற்கிறார்கள், பார்ப்பதற்குக் கற்கண்டுத் தூள் போல இருக்கும். லிட்டருக்கு 250 கிராம். கரைக்கும்போது தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும், வெந்நீரில் கரையுங்கள். ஸ்டாப்புக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 15 கிராம். ஸ்டாப்புக்கும் ஹைப்போவுக்கும் நடுவில் ஒருமுறை வெறும் தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள், வெறும் ஹைப்போவில் அமிலம் அதிகம் சேர்ந்தால் கந்தகம் பிரிந்து பால் போலக் கலங்கிவிடும்.

ஹைப்போவுக்குப் பதில் எக்ஸ்ரே ஃபிக்சரும் நன்றாக வேலை செய்யும். எக்ஸ்ரே டெவலப்பரைத் தொடாதீர்கள், ரொம்பக் காட்டமானது.

பழைய ஸ்டுடியோ, தென்காசி

நல்ல யோசனை. எது வாங்கினாலும் அன்றன்றைக்குச் சோதித்துவிட்டு ஊற்று தம்பி. ரோலின் முன்முனையில் வெட்டிப்போட்ட துண்டு இருக்கும் இல்லையா, அதில் ஒரு சொட்டு ஹைப்போ வைத்து அரை நிமிடம் விடு, பிறகு துண்டு முழுவதையும் ஹைப்போவில் போட்டுக் கடிகாரத்தைப் பார். சாம்பல் மஞ்சளாகப் பால் போல இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டே வரும். சொட்டு வைத்த இடம் முதலில் தெளிந்து வட்டமாகத் தெரியும், அப்புறம் அந்த வட்டமே தெரியாமல் துண்டு முழுக்கக் கண்ணாடியாகிவிடும். அதற்கு ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஃபிலிமை ஹைப்போவில் வை. புதிதாகக் கலந்தபோது ஆன நேரத்தைப் பாட்டில் மேல் எழுதி வை, அது இரண்டு மடங்கானால் ஹைப்போ தீர்ந்தது என்று அர்த்தம். எனக்கு இந்த ஒரு சோதனைமேல் இருக்கிற நம்பிக்கை எந்த லேபிள் மேலும் கிடையாது.

ஆட்டுவது எப்படி என்று கேட்பாய். டெவலப்பர் ஊற்றியவுடன் டாங்கை அடியில் தட்டிக் குமிழியை விரட்டு. முதல் பத்து வினாடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்து, அப்புறம் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே மாதிரி நான்கு முறை. ஒரு ரோலுக்கு ஒரு மாதிரி ஆட்டினால் எந்த அட்டவணையும் உதவாது. கடைசியில் கழுவக் குழாயைத் திறந்துவிட்டு நிற்கவும் வேண்டாம், அதே 24 டிகிரித் தண்ணீர் ஊற்றி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி ஊற்றிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. இல்ஃபோர்டு சொன்ன முறை இது, ஒரு வாளித் தண்ணீரில் முடிந்துவிடும்.

புளியரைக்காரன்

கழுவிவிட்டேன்! படம் வந்திருக்கிறது, என் கையால் கழுவிய படம். டாங்கைத் திறந்து முதல் சட்டத்தை விளக்குக்கு நேரே பிடித்தபோது கோயில் கோபுரம் தலைகீழ் நிறத்தில் தெரிந்தது. ஆனால் சில சந்தேகம். சில படங்கள் ரொம்ப வெளிறி இருக்கின்றன, உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஓரத்தில் எச்பி5 என்ற எழுத்தும் எண்களும் நல்ல கறுப்பாகத் தெரிகின்றன. ரோலின் கடைசிப் பக்கம் ஒரு இடம் மட்டும் பால் ஊற்றின மாதிரி மங்கல். ராத்திரி தொங்கவிட்டது, மறுநாள் காலையிலும் ஈரம் போகவில்லை.

நெல்லியாம்பதி அடிவாரம்

ரொம்ப சந்தோஷம் தம்பி! ஓர எழுத்து கறுப்பாக இருப்பதால் கழுவியதில் குறை இல்லை. அந்த எழுத்தைத் தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்திருப்பார்கள், உங்கள் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத்து நன்றாக இருந்து படம் மட்டும் வெளிறினால் எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை. எழுத்தும் சேர்ந்து வெளிறினால் டெவலப்பர் பக்கம் கோளாறு. எழுத்தே இல்லையென்றால் டெவலப்பர் செத்துப்போயிருக்கும், இல்லை ஹைப்போவை முதலில் ஊற்றியிருப்பார்கள். மேகமூட்டத்தில் மலையை எடுத்தீர்களோ? மீட்டர் வெள்ளை வானத்தைப் பார்த்து ஏமாந்துவிடும், கேமராவைத் தரைப்பக்கம் சாய்த்து அளவு எடுங்கள்.

பால் மங்கல், ஹைப்போ போதாதது. பயப்பட வேண்டாம், ஃபிலிமை மறுபடி ரீலில் சுற்றி இன்னும் ஐந்து நிமிடம் ஹைப்போவில் வைத்துக் கழுவினால் தெளிந்துவிடும், இனி இருட்டுகூட வேண்டாம்.

கம்பம் மெட்டு

காயவைப்பதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு, மலையில் மழைக்காலம் என்றால் துணியே நாள்கணக்கில் காயாது. பழைய துணி அலமாரியில் மேலே கம்பி கட்டி, கீழ்த்தட்டில் 40 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டிருக்கிறேன், கதவு விரல் அளவுக்குத் திறந்திருக்கும். உள்ளே லேசான சூடுதான், காற்று மேலே போகும், தூசி வராது. எங்கள் வீட்டில் காளான் காயவைக்கச் செய்தது, ஃபிலிமுக்கும் ஆகுமா?

பழைய ஸ்டுடியோ, தென்காசி

தாராளமாக ஆகும், நல்ல ஏற்பாடு. பல்புக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கட்டும், கீழ்முனையில் ஒரு கிளிப்பைக் கனமாகத் தொங்கவிடு, இல்லையென்றால் சுருண்டுவிடும். மின்விசிறி மட்டும் போடவே கூடாது, ஈர எமல்ஷனில் ஒட்டிய தூசி கடைசி வரைக்கும் போகாது. காய்ந்தவுடன் ஆறு ஆறு சட்டமாக வெட்டி பாலிப்ராப்பிலீன் உறையில் போடு, நம் ஈரத்தில் பட்டர் பேப்பர் ஒட்டிக்கொள்ளும். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பை. லென்ஸையும் அதே டப்பாவில் வை, பூஞ்சை அதைத்தான் முதலில் தேடி வரும்.

புளியரைக்காரன்

அலமாரி ஏற்பாடு செய்துவிடுகிறேன் அண்ணே. அண்ணாச்சி, இனி பிரிண்ட் பற்றிக் கேட்கலாமா? பூஜை அறையில் எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டால் போதுமா?

பழைய ஸ்டுடியோ, தென்காசி

சிவப்புச் சாயம் பூசின பல்பில் வெள்ளை வெளிச்சமும் கசியும், சோதிக்காமல் நம்பாதே. பேப்பரின்மேல் என்லார்ஜர் வெளிச்சத்தைத் துளி காட்டி லேசான சாம்பல் நிறம் வருகிற அளவு தெரிந்துகொள், அப்படிக் காட்டிய புதுத் துண்டின்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து அந்தச் சிவப்பு விளக்குக்கு அடியில் ஐந்து நிமிடம் விட்டுவிட்டுக் கழுவு. காசு இருந்த இடம் வட்டமாக வெளிறித் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது. விளக்கு நான்கு அடி தள்ளியே இருக்கட்டும்.

என்லார்ஜர் கிடைக்கும் வரைக்கும் காண்டாக்ட் பிரிண்ட் போடு. பேப்பர், அதன்மேல் நெகட்டிவ், அதன்மேல் கனமான கண்ணாடி, மேலே ஒரு சின்ன பல்பு, அவ்வளவுதான் சாமான். சின்னதாக இருந்தாலும் முப்பத்தாறு படமும் ஒரே தாளில் வரிசையாகத் தெரியும், எது வெளிறியது, எது அழுத்தம் என்று கண் பழகும். எக்ஸ்ரே கூடங்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் டிரே, சேஃப்லைட் என்கிற டார்க்ரூம் விளக்கு எல்லாம் பல ஊர்களில் தூசி படிந்து கிடக்கிறது, கேட்டுப் பார். என்லார்ஜரும் மூடிய ஸ்டுடியோக்களில் இருக்கும். வாங்கும்போது லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார், 35 எம்எம் ஃபிலிமுக்கு 50 எம்எம் லென்ஸ். ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் போட்டுவிடு, நம் பக்கத்து மின்சாரம் ஏறி இறங்கும்போது பல்பின் வெளிச்சமும் மாறும், பத்து வினாடி என்று கணக்குப் போட்டது பொய்யாகிவிடும். உன் படிக்கட்டு அறை இதற்குச் சரியாக வரும், உள்ளே தண்ணீர் இல்லாவிட்டாலும் ஒரு வாளி வைத்துப் பிரிண்ட்டைப் போட்டு வைத்தால் கடைசியில் பாத்ரூமில் எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவலாம்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடின காலத்தில் அவர்களுடைய ‘இந்து’ பிராண்ட் பிரிண்ட் பேப்பர் எந்த ஊர் ஸ்டுடியோவிலும் கிடைக்கும். இப்போது வெளிநாட்டுப் பேப்பர்தான், விலை தாங்காது. சோதனைக்கு முழுத் தாளை வீணாக்காமல் கீற்றாக வெட்டிப் பயன்படுத்து.

நகரி எல்லை

டி-76 பாக்கெட் கிடைப்பதே சிரமமாக இருக்கிறது. நாமெல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பாக்கெட் வாங்கிப் பொடியைப் பங்கு போட்டுக்கொண்டால் என்ன?

பழைய ஸ்டுடியோ, தென்காசி

பொடியைப் பங்கு போடாதீர்கள். கனமான தூளும் லேசான தூளும் பாக்கெட்டுக்குள் தனித்தனியாகப் படிந்திருக்கும், ஒருவருக்கு மெட்டால் அதிகம் போகும், இன்னொருவருக்குச் சல்ஃபைட் மட்டும் வரும். சேர்ந்து வாங்குவதாக இருந்தால் தனித்தனி ரசாயனமாக வாங்குங்கள், 1927லிருந்து அதே சூத்திரம்தான். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். முக்கால் லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டு, அதன் பிறகு மெட்டாலை முழுக்கக் கரைத்து, அதற்கப்புறம்தான் மீதிச் சல்ஃபைட். வரிசை மாறினால் மெட்டால் கரையாது. பிறகு மற்ற இரண்டு, கடைசியாகத் தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டர் ஆக்குங்கள். ஒருநாள் ஆறவிட்டு எடுங்கள். கடைக்காரரிடம் சல்ஃபைட் என்று அழுத்திக் கேளுங்கள், சல்ஃபேட்டோ மெட்டாபைசல்ஃபைட்டோ கொடுத்துவிடுவார். மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பையும் புண்ணையும் கொண்டுவரும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

நெல்லியாம்பதி அடிவாரம்

பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையிலும் கிணற்றடியிலும் கொட்ட வேண்டாம், அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே கூடங்களில் வாங்கிப்போகிற வெள்ளி வியாபாரிகள் இதையும் எடுத்துக்கொள்வார்கள். புளியரைத் தம்பி, சல்ஃபைட்டும் ஹைட்ரோகுவினோனும் நான் கோயம்புத்தூரில் விசாரிக்கிறேன். எத்தனை லிட்டருக்கு வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதுங்கள்.

புளியரைக்காரன்

எனக்கு நான்கு லிட்டருக்கு, அக்கா. மெட்டாலைத் தென்காசியில் நானே பார்க்கிறேன்.